மலைப் பிள்ளைகளின் கையில் கேமரா: கொல்லிமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

பதின்வயதினருக்குப் படமெடுக்கக் கற்றுத்தரும் சமூக அமைப்பு, திரைப்படக் கல்லூரியிலிருந்தும் சினிமா வாய்ப்புத் தேடித் தரும் பயிற்சிக்கூடத்திலிருந்தும் வேறுபட்டது. ஓர் ஊரின் 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே படம் எடுக்கவும், எடுத்ததை ஊராரோடு உட்கார்ந்து பார்த்துப் பேசவும் வழிசெய்யும் இலாப நோக்கற்ற ஏற்பாடு அது. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. படிப்பில் முந்தியவர், பிந்தியவர் என்று பிரிப்பதில்லை. உலகின் சில பகுதிகளில் இத்தகைய முயற்சிகளுக்கு அரை நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. இந்தியாவில் சமூகக் காணொளி இயக்கத்துக்கு 40 வயதாகிவிட்டது. அந்த அனுபவங்கள் கொல்லிமலை போன்ற ஒரு பழங்குடி மலை வட்டாரத்துக்கு எவ்வாறு பொருந்தும், அங்கே அத்தகைய அமைப்பு ஒன்று நிலைக்க என்னென்ன தேவை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

களம்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் மேட்டுநிலம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போக வேண்டும். அரசு அலுவலகங்கள் செம்மேட்டில் இருக்கின்றன. விளைபொருள் விற்கவும் வாங்கவும் மக்கள் சோளக்காட்டுச் சந்தைக்கு வருகிறார்கள். வளவந்திநாடு, வாழப்பூர்நாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு, குண்டூர்நாடு என்று ‘நாடு’ எனும் பெயருடன் முடியும் ஊராட்சிகளில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. மக்களில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழியினர் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. பெயர் மலையாளி என்றாலும் பேசும் மொழி தமிழே.

இம்மலையைப் பற்றி வெளியிலிருந்து வந்தவர்கள் சொன்னது ஏராளம். சங்கப் புலவர்கள் வல்வில் ஓரியையும் கொல்லிப்பாவையையும் பாடினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகளும் யூடியூபர்களும் ஆகாயகங்கை அருவி, அறப்பளீசுவரர் கோயில், சித்தர் குகைகள், வளைவுச் சாலை ஆகியவற்றைப் படமாக்கிப் போகிறார்கள். மலையில் பிறந்து வளரும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கைபேசியில் தன் ஊரைத் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் பிறர் கண்ட ஊர்தான். மழைக்காலத்தில் பள்ளிக்கு நடக்கும் பாதை, பாட்டி சாமை குத்தும் முறை, மிளகு விலை சரிந்த ஆண்டு, நோயாளியைக் கீழே கொண்டுபோகப் பட்ட பாடு எதுவும் அதில் இருக்காது. இந்தக் குறையைப் போக்குவதே இங்கே அமையும் எந்தத் திரைப்படப் பயிற்சிக்கும் முதல் நோக்கமாக இருக்க முடியும்.

உலக முன்னோடிகள்

1967-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் ஃபோகோ தீவில் நடத்திய முயற்சி இத்துறையின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்று. மீன்வளம் குன்றியதால் தீவைக் காலிசெய்து மக்களை வேறிடத்தில் குடியேற்ற அரசு எண்ணியிருந்த நேரம் அது. இயக்குநர் காலின் லோ தீவு மக்களின் பேச்சைச் சிறுசிறு படங்களாகப் பதிந்து, முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டினார். அவர்கள் ஒப்பிய பிறகே படம் வெளியே போனது. தனித்தனிக் கிராமங்களாக இருந்தவர்கள் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டார்கள். மீனவர் கூட்டுறவு உருவாவதற்கு அந்தத் திரையிடல்கள் துணைநின்றன.

அதற்கு முந்தைய ஆண்டு, அரிசோனாவின் பைன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சால் வொர்த், ஜான் அடேர் என்ற இரு ஆய்வாளர்கள் நவஹோ பழங்குடியினருக்கு 16 எம்எம் கேமராவை இயக்கக் கற்றுத்தந்தார்கள். எதை எடுக்க வேண்டும், எப்படித் தொகுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வந்த படங்களில் ஆட்கள் நெடுநேரம் நடந்துகொண்டே இருந்தார்கள். முகத்தை நெருங்கி எடுத்த காட்சிகள் மிகக் குறைவு. ஹாலிவுட் இலக்கணத்தின்படி இவை பிழைகள். நவஹோ மக்கள் கதை சொல்லும் முறைப்படி பார்த்தால், நடையே கதையின் பகுதி. பயிற்றுநர் தம் ரசனையைத் திணிக்காமல் இருந்தால் பயில்பவரின் பண்பாடு படத்தின் வடிவத்திலும் வெளிப்படும் என்பதை இம்முயற்சி காட்டியது.

கொல்லிமலைக்கு மிக நெருங்கிய முன்மாதிரி, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மலைப்பகுதியில் வைட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் 1969-இல் தொடங்கிய ஆப்பல்ஷாப். வறுமை ஒழிப்புத் திட்டத்தின் கீழ் இளைஞர்களுக்கு வேலைப்பயிற்சி தர அமைந்த பட்டறை அது. பயிற்சி பெற்றவர்கள் நகரத்துக்குப் போய் வேலை தேடுவார்கள் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. அரசுப் பணம் நின்றபோது இளைஞர்களே அமைப்பைக் கையிலெடுத்து, மலையிலேயே தங்கிச் சுரங்கத் தொழிலாளர்களையும் நாட்டுப்புறக் கலைஞர்களையும் படமாக்கினார்கள். 1988-இல் அதன் அங்கமாகப் பதின்வயதினருக்கான ஊடகப் பயிற்சி நிலையம் எழுந்தது. 2022 ஜூலை வெள்ளத்தில் அதன் ஆவணக் காப்பகம் மூழ்கியது. பல்லாண்டு உழைப்பை ஒரே கட்டடத்தில் வைக்கக் கூடாது என்ற பாடத்தையும் ஆப்பல்ஷாப்பிடமிருந்தே கற்க வேண்டியிருக்கிறது.

பிரேசிலில் வின்சென்ட் கரெல்லி 1986-இல் தொடங்கிய ‘கிராமங்களில் காணொளி’ இயக்கத்தின் முதல் அனுபவம் வியப்பானது. நம்பிக்குவாரா மக்கள் தங்கள் சடங்கின் பதிவைத் திரையில் பார்த்தார்கள், அதில் தாங்கள் தோன்றிய விதத்தில் நிறைவு கொள்ளாமல் மறுபடி எடுக்கச் சொன்னார்கள், பல ஆண்டுகளாக விட்டுப்போயிருந்த ஒரு சடங்கையே மீண்டும் நடத்தினார்கள். கனடாவின் கியூபெக்கில் 2004-இல் மனான் பார்போ தொடங்கிய வாப்பிகோனி அமைப்பு வேறொரு வழியில் போனது. வண்டி ஒன்றில் படப்பிடிப்புக் கருவிகளையும் தொகுப்பு மேசையையும் ஏற்றிக்கொண்டு, பழங்குடிக் குடியிருப்புகளுக்கே போய்ச் சில வாரங்கள் தங்கி இளைஞர்களுக்குக் கற்றுத் தருகிறது. சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு, பிள்ளைகள் ஓரிடத்துக்கு வருவதைவிடப் பயிற்சி அவர்களிடம் போவதே பொருத்தம் என்பதை அது நிறுவியது.

இந்தியாவும் தமிழகமும்

அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்கள் சங்கமான சேவா, 1984-இல் காய்கறி விற்பவர்கள் உள்ளிட்ட பெண்களுக்கு வீடியோப் பயிற்சி அளித்தது. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெலங்கானாவின் ஜஹீராபாத் வட்டாரத்தில் தக்காண வளர்ச்சிக் கழகம் 1990-களின் இறுதியில் தலித் பெண் விவசாயிகளுக்குக் கேமராவைக் கொடுத்தது. 2001-இல் அவர்களின் சமூக ஊடக அறக்கட்டளை உருவானது. சிறுதானியம், விதைப் பாதுகாப்பு, பி.டி. பருத்தி குறித்த அவர்களின் படங்கள் வெளிநாடுகளிலும் பேசப்பட்டன. கேமராக் கோணங்களுக்கு அவர்கள் தங்கள் வாழ்விலிருந்தே பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழ்நோக்கி எடுப்பது நிலக்கிழாரின் பார்வையான ‘பட்டேல் ஷாட்’. சமமாக உட்கார்ந்து எடுப்பது ‘சங்கம் ஷாட்’. கோணம் என்பது அதிகார உறவு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடப்புத்தகம் இல்லை.

ராஞ்சியில் மேக்நாத்தும் பிஜூ டோப்போவும் நடத்தும் அக்ரா அமைப்பு ஜார்கண்டு பழங்குடிகளின் குரலைப் பல ஆண்டுகளாகப் பதிந்து வருகிறது. கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட வீடியோ வாலண்டியர்ஸ் 2003 முதல் பல மாநிலங்களில் சமூகச் செய்தியாளர்களை உருவாக்கியது. அஸ்ஸாமின் தேஜ்பூரில் ரீட்டா பானர்ஜி அமைத்த கிரீன் ஹப், வடகிழக்கு மாநில இளைஞர்களுக்கு இயற்கையையும் மக்கள் வாழ்வையும் படமாக்க ஓராண்டுப் பயிற்சி தருகிறது. காட்டை நன்கறிந்த மலை இளைஞர்களுக்குக் கேமரா ஒரு வாழ்வாதாரமாகவும் ஆக முடியும் என்பதற்கு அது சான்று.

தமிழகத்தில் அமுதன் ஆர்.பி. மதுரையில் ‘மறுபக்கம்’ அமைப்பின் வழி 1998 முதல் ஆவணப்பட விழாக்களை நடத்திவந்தார். ஆவணப்படத்தை ஊர்மக்கள் முன் போட்டுப் பேசும் பழக்கத்தை அது வளர்த்தது. சென்னையில் 2005-இல் தொடங்கிய நாளந்தாவே அறக்கட்டளை எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நாடகம், ஓவியம், திரைப்படம் ஆகிய கலைகளைக் கல்வியாகக் கொண்டுசெல்கிறது. ஒளிப்படக் கலைஞர் மு. பழனிக்குமார் வடசென்னை இளையோருக்குக் கேமராவைக் கொடுத்துத் தங்கள் தெருக்களைத் தாங்களே பதியச் செய்தார். தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழாவை நடத்துகிறது. படம் பார்த்தபின் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் வேண்டும் என்பது அதன் அமைப்பு. படம் பார்க்கும் வாசலை அரசே திறந்துவிட்ட நிலையில், படம் எடுக்கும் வாசலைத் திறப்பது சமூக அமைப்பின் பங்கு.

பயில்வோரும் காலமும்

மலையின் பதின்வயதினரில் கணிசமானோர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஆகவே பயிற்சி இரண்டு இடங்களில் நடக்க வேண்டியிருக்கும். பள்ளி நாட்களில் விடுதியிலோ பள்ளியிலோ வாரம் ஒரு வகுப்பு. விடுமுறையில் ஊருக்குத் திரும்பும்போது படப்பிடிப்பு. விடுதிக்குள் நுழையத் தலைமையாசிரியர், விடுதிக் காப்பாளர், பழங்குடியினர் நலத்துறை ஆகியோரின் எழுத்துப்பூர்வ அனுமதி முதலில் தேவை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத்தேர்வு ஆண்டில் படப்பிடிப்புக்கு இழுத்தால் பெற்றோரின் நம்பிக்கை போய்விடும். எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளே உகந்தவை.

பள்ளியை விட்டு நின்றுவிட்டவர்களை ஒதுக்கிவிட்டால் அமைப்பு தன் நோக்கத்தின் பாதியை இழக்கும். அவர்களுக்குக் கூலி வேலை இருக்கும். காப்பிப் பழம் பறிப்பு, மிளகுப் பறிப்பு மாதங்களில் பகலில் வரமாட்டார்கள். மாலை வகுப்பே அவர்களுக்கு ஏற்றது. பெண் பிள்ளைகள் மாலையில் வீட்டைத் தாண்டி வருவது அரிது. அவர்களுக்கு ஊருக்குள்ளேயே, வீட்டார் கண்ணில் படும் இடத்தில், பெண் பயிற்றுநரோடு வகுப்பு நடந்தால் வருவார்கள். பொதுவான நேரம் ஒன்றை வைத்துவிட்டு, பெண் பிள்ளைகள் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

இரண்டு நாள் பட்டறைகள் நாளேட்டில் படமாக வருவதற்குப் போதும், ஒரு பிள்ளைக்குப் போதாது. முதல் ஆண்டு பார்க்கவும் கேட்கவும் பழகுவது, இரண்டாம் ஆண்டு குழுவாகப் படம் எடுப்பது, மூன்றாம் ஆண்டு இளையவர்களுக்குக் கற்றுத்தருவது என்ற மூன்றாண்டுச் சுழற்சி இருந்தால்தான் திறன் மலையில் தங்கும்.

பாடத்திட்டம்

தொடக்கம் கேமராவில் இல்லை, காதில். பிள்ளைகள் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து கேட்ட ஓசைகளைப் பட்டியலிடுவது நல்ல முதல் பாடம். அடுத்தது, அசையாத கேமராவில் ஒரே நிமிடத்தில் ஒரு காட்சி. லூமியே சகோதரர்கள் 1895-இல் எடுத்த முதல் படங்கள் அத்தகையவை. பிரெஞ்சு சினிமத்தேக் 1995 முதல் நடத்திவரும் பள்ளித் திட்டமும் அந்தப் பயிற்சியைக் கையாள்கிறது. எங்கே நிற்பது, எப்போது தொடங்குவது, எதை வெளியே விடுவது என்ற மூன்று முடிவுகளையும் அந்த ஒரு நிமிடம் கேட்டுவிடுகிறது.

அதன்பின் பேட்டி எடுக்கும் பயிற்சி. ஊர்ப் பெரியவரிடம் கேள்வி கேட்பது மலைப்பிள்ளைக்குப் புதிது. உறவுமுறை சொல்லி அழைத்து, அவர் வேலையில் உடனிருந்து, பேச்சு தானாக வரும்வரை காத்திருக்கும் பொறுமை கேமரா நுட்பத்தைவிட அரிய திறன். தொகுப்பு இறுதிப் பாடம். மூன்று நிமிடப் படத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துவரும் பிள்ளை, எதை விடுவது என்று தீர்மானிக்கும்போதுதான் தான் என்ன சொல்ல வந்தோம் என்பதை உணர்கிறது.

படமெடுக்கக் கற்பது பார்க்கக் கற்பதோடு சேர்ந்தே நடக்க வேண்டும். பிள்ளைகள் அறிந்த சினிமா, நாயகன் நுழையும் சினிமா. அதைப் பழிப்பது ஆசிரியரின் வேலையன்று. அதோடு சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’, கியாரஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே’, மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ போன்றவற்றையும் பார்த்தால், தங்களைப் போன்ற பிள்ளையும் படத்தின் நடுவில் நிற்க முடியும் என்பது அவர்களுக்குப் புலப்படும்.

பொருள்

கொல்லிமலையில் கதைக்குப் பஞ்சமில்லை. மலையின் பழைய பயிரான சாமையும் தினையும் கேழ்வரகும் மரவள்ளிக்கு இடம்விட்டு ஒதுங்கியது ஒரு பெரிய கதை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் முதல் இங்கே சிறுதானிய வகைகளைக் காக்கும் பணியைச் செய்துவருகிறது. சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை போன்ற வகைகளை இன்னும் விதைக்கும் பாட்டிமார்களின் பேச்சைப் பேத்தி பதிந்தால் அது படமாகவும் இருக்கும், வேளாண் ஆவணமாகவும் இருக்கும். பிறப்பு, திருமண, இறப்புச் சடங்குகள், நோன்புகள், ஆடிப்பெருக்கையொட்டி நடக்கும் வல்வில் ஓரி விழா, சந்தை நாள், பலாவும் அன்னாசியும் கீழே போகும் வழி, சுற்றுலாவால் குவியும் குப்பை என்று பட்டியல் நீளும். கற்பனைக் கதை எடுக்க விரும்பும் பிள்ளைகளைத் தடுக்கவும் கூடாது. பேய்க்கதைக்குள்ளும் ஊரின் அச்சங்களும் ஆசைகளும் இருக்கின்றன.

சிலவற்றைப் படமாக்காமல் இருப்பதே நல்லது. கோயில் காட்டுக்குள் கேமரா போகலாமா என்பதை ஊர்க் கவுண்டரும் பூசாரியும் ஊராரும் சொல்ல வேண்டும். அரிய மூலிகை முளைக்கும் இடத்தை அடையாளம் தெரியும்படி காட்டினால் பறிப்பவர்கள் வந்துசேர்வார்கள். காப்புக்காட்டில் படப்பிடிப்புக்கு வனத்துறை அனுமதி தேவை. டிரோன் பறக்கவிட 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் பொருந்தும்.

கருவிகள்

பெரிய கேமரா தேவையில்லை. நடுத்தர விலைக் கைபேசி, முக்காலி, காலர் மைக் மூன்றும் ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு தொகுதியாகப் போதும். பணம் மிஞ்சினால் அது ஒலிக்குப் போக வேண்டும். மலைக்காற்று மைக்கில் அடிக்கும் இரைச்சல் நல்ல பேட்டியையும் பாழாக்கும். மைக்கின் மேல் போர்த்தும் பஞ்சுறை ஒன்று விலையுயர்ந்த லென்சைவிடப் பயன் தரும். தொகுப்புக்கு ஓரிரு மடிக்கணினிகளும் இலவச மென்பொருளும் போதும். மின்வெட்டும் பனியீரமும் மலையில் வழக்கமானவை. மின்சேமிப்புக் கலமும், கருவிகளைக் காக்க ஈரமுறிஞ்சி இட்ட காற்றுப்புகாத பெட்டியும் அவசியம்.

உயர்தரக் காணொளி மணிக்குச் சுமார் 6 முதல் 10 ஜிபி வரை இடம்பிடிக்கும். ஒவ்வொரு பதிவும் இரண்டு வன்தட்டுகளில் இருக்க வேண்டும். ஒன்று மலையில், மற்றொன்று நாமக்கல்லிலோ சேலத்திலோ. பதிந்த நாள், ஊர், பேசியவர், எடுத்தவர், ஒப்புதல் விவரம் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் பதிவேடு இல்லாவிட்டால் ஐந்தாண்டுகளில் எல்லாம் பெயரற்ற கோப்புகளாகிவிடும்.

ஒப்புதலும் பாதுகாப்பும்

இங்கே படம் எடுப்பவரும் சிறார், பலவேளைகளில் படத்தில் வருபவரும் சிறார். ஆகவே பொறுப்பு இரட்டிப்பாகிறது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. படம் எங்கெங்கே காட்டப்படும், யூடியூபில் ஏறினால் யாரெல்லாம் பார்க்கலாம் என்பதை விளக்கி, அந்த விளக்கத்தையே ஒலிப்பதிவு செய்து வைப்பது நல்ல முறை. பின்னர் மனம் மாறினால் விலகிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு இருக்க வேண்டும்.

இளவயதுத் திருமணம், குடி, வீட்டு வன்முறை ஆகியவற்றைப் பிள்ளைகள் கட்டாயம் தொடுவார்கள். அவர்கள் வாழ்வில் அவை இருக்கின்றன. பாதிக்கப்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் தடுக்கின்றன. பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது போக்சோ சட்டப்படி கடமை. இதைப் பயிற்றுநர் ஒவ்வொருவரும் முதல் நாளே அறிந்திருக்க வேண்டும். தனியாக ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு படப்பிடிப்புக்குப் போகக் கூடாது, பயிற்றுநர்களின் பின்னணியை விசாரிக்காமல் சேர்க்கக் கூடாது, புகார் சொல்ல அமைப்புக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும் என்பவை அடிப்படை விதிகள்.

கொல்கத்தாவின் சோனாகாச்சிப் பிள்ளைகளுக்கு ஒளிப்படம் கற்றுத்தந்த அனுபவத்திலிருந்து உருவான ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’ 2005-இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. அப்பிள்ளைகளின் தாய்மார்களும் அவர்களின் அமைப்புகளும் காட்டப்பட்ட விதம் குறித்து எழுந்த விமர்சனமும் அதே அளவு முக்கியமானது. பிள்ளைகளின் வறுமை நிறுவனத்தின் விளம்பரப் பொருளாகிவிடக் கூடாது. நன்கொடையாளருக்குக் காட்டும் படத்தில் வருபவர்களும் முதலில் அதைப் பார்த்து ஒப்ப வேண்டும். ஃபோகோ தீவின் விதி இன்றும் சரியான விதி.

அமைப்பும் நிதியும்

சட்டப்படி மூன்று வழிகள் உண்டு. பொது அறக்கட்டளையாகப் பத்திரம் பதியலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதியலாம். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின் கீழ் இலாப நோக்கற்ற நிறுவனமாகலாம். அறக்கட்டளை தொடங்குவது எளிது, ஆனால் அதிகாரம் சிலரிடம் குவியும். சங்கத்தில் உறுப்பினர்களுக்கு வாக்கு உண்டு. ஊராரும், பயிற்சி முடித்த 18 வயதைத் தாண்டிய இளைஞர்களும் நிர்வாகக் குழுவில் இடம்பெற வேண்டுமானால் சங்கமே பொருத்தம். எந்த வடிவமாயினும் முடிவெடுக்கும் குழுவில் மலை மக்கள் பாதிப்பேராவது இல்லாத அமைப்பைச் சமூக அமைப்பு என்று சொல்ல முடியாது.

நிதி நான்கு திசைகளிலிருந்து வரும். முதலாவது தனிநபர் நன்கொடை. 80ஜி என்று வழக்கில் சொல்லப்படும் வரிச்சலுகைப் பதிவு இருந்தால் கொடுப்போர் கூடுவார்கள். இரண்டாவது பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி. சட்டம் வரையறுத்த அளவைத் தாண்டிய நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைப் பெற அமைப்பு கம்பெனி விவகார அமைச்சகத்திடம் பதிந்திருக்க வேண்டும். மூன்றாவது வெளிநாட்டு நிதி. அதற்கு அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். பொதுவாக மூன்றாண்டு பணி அனுபவம் கேட்கப்படும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, வேறோர் அமைப்புக்கு அதைப் பகிரவும் முடியாது. நான்காவது, அமைப்பே ஈட்டும் சிறு வருவாய். பயிற்சி முடித்தவர்கள் அரசுத் துறைகளுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் படம் எடுத்துத் தரலாம்.

நன்கொடையாளர் கருவி வாங்கித் தர விரும்புவார்கள், சம்பளம் தரத் தயங்குவார்கள். செலவில் பெரும்பங்கோ பயிற்றுநர் சம்பளமும் போக்குவரத்தும் பிள்ளைகளின் உணவும்தான். இதை வரவு செலவுத் திட்டத்தில் மறைக்காமல் சொல்லும் அமைப்பே நீடிக்கும். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைச் செம்மேட்டில் ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டுவது வரித்துறைக்குக் கணக்குக் காட்டுவதற்கு இணையான கடமை.

படத்தின் உரிமை யாருக்கு என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். ஒப்பந்தம் இல்லையென்றால் படம் அமைப்பின் சொத்தாகக் கருதப்பட வாய்ப்புண்டு. எடுத்த பிள்ளைகளுக்கும் ஊருக்கும் அமைப்புக்கும் உள்ள உரிமைகளைப் பிரித்து எழுதுவது நேர்மை.

பயிற்றுநர்

சென்னையிலிருந்து வார இறுதியில் வரும் வல்லுநர்கள் உற்சாகம் ஊட்டுவார்கள். அவர்கள் போனபின் கெட்ட முக்காலியைச் சரிசெய்வதும், சண்டையிட்ட குழுவைச் சமாதானம் செய்வதும், ஒரு தாயிடம் நான்காம் முறை பேசப் போவதும் மலையிலேயே இருக்கும் ஒருவரின் வேலை. முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவரும், மலையைச் சேர்ந்த இளம் பயிற்றுநர்கள் இருவரும் இருந்தால் சிறு அமைப்பு நடக்கும். உள்ளூர்ப் பயிற்றுநருக்கு வெளியாளைவிடக் குறைந்த சம்பளம் தரும் வழக்கம் அமைப்பை உள்ளிருந்தே அரிக்கும்.

திரையிடல்

சமூகத் திரைப்படக் கல்வியின் மையம் திரையிடலே. படம் முடிந்ததும் முதல் காட்சி, அது எடுக்கப்பட்ட ஊரில், பள்ளிக்கூடச் சுவரிலோ கட்டிய வேட்டியிலோ நடக்க வேண்டும். எடுத்த பிள்ளைகள் முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஊரார் தவறென்று சொன்னதைத் திருத்தியபிறகே அடுத்த ஊராட்சிக்கும், சோளக்காட்டுச் சந்தைக்கும், மாவட்ட ஆட்சியர் பார்வைக்கும், விழாக்களுக்கும், இணையத்துக்கும் படம் போகலாம். சாலை கேட்டு எடுத்த படத்தை அதிகாரி முன் போடும்போது பிள்ளைகளுடன் ஊராட்சித் தலைவரும் பெற்றோரும் உடன்நிற்க வேண்டும். கேள்வி கேட்ட பிள்ளை பின்னர் தனியாக மாட்டிக்கொள்ள விடக் கூடாது. பின்னணியில் சினிமாப் பாட்டு வைக்கும் ஆசை வரும். உரிமைச் சிக்கல் இல்லாத, மலையிலேயே பாடிப் பதிந்த பாட்டும் கொட்டும் அதற்கு மாற்று.

பயனை அளத்தல்

எத்தனை பிள்ளைகள், எத்தனை படங்கள், எத்தனை பார்வைகள் என்ற எண்ணிக்கை நிதியாளருக்குத் தேவைப்படும். உண்மையான பயனை வேறு கேள்விகள் காட்டும். முதல் ஆண்டு சேர்ந்த பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டிலும் இருக்கிறார்கள்? வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை திரையிடலில் பேசியதா? பள்ளியை விட்டவர் யாரேனும் திரும்பினாரா? படம் எழுப்பிய கேள்விக்கு ஊரில் ஏதேனும் நடந்ததா? அமைப்பை நடத்துவோரில் முன்னாள் மாணவர் எத்தனை பேர்? சிலர் தரமணியிலுள்ள அரசுத் திரைப்பட நிறுவனத்துக்கோ ஊடகப் படிப்புக்கோ போகலாம். அது மகிழ்ச்சிக்குரியது. அதை மட்டுமே வெற்றியாகக் காட்டினால், ஊரிலேயே இருந்து விவசாயம் பார்க்கும் மற்றப் பிள்ளைகள் தோற்றவர்களாகிவிடுவார்கள். ஊரைக் கவனித்து, ஆளை மதித்துக் கேட்டு, கேட்டதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த உழவர் மலைக்குக் கிடைப்பதும் இந்தக் கல்வியின் முழு வெற்றியே.

முடிவு

நிதி வந்த ஆண்டில் மட்டும் இயங்குவது, ஒரே மனிதரை நம்பியிருப்பது, விருதுக்காகப் பெரியவர்களே தொகுத்த படத்தைப் பிள்ளைகள் படம் என்று காட்டுவது, ஊர் பார்க்காத படத்தை உலகுக்குக் காட்டுவது ஆகியவையே இத்தகைய அமைப்புகளைச் சாய்க்கும் காரணங்கள். கருவி இல்லாமை அவற்றில் ஒன்றன்று. கைபேசி ஏற்கெனவே மலையேறிவிட்டது. கொல்லிமலைக்கு இப்போது வேண்டியது மூன்றாண்டாவது விலகாமல் நிற்கும் ஒரு சிறு குழு, உள்ளூர்ப் பயிற்றுநருக்கு நியாயமான சம்பளம், பெற்றோரின் நம்பிக்கை, ஊர் உட்கார்ந்து பார்க்கும் ஒரு திரை. பெரும் நிறுவனமோ பெரும் பணமோ இதற்குத் தேவையில்லை. நாமக்கல், சேலம், திருச்சி வட்டாரங்களின் கல்லூரி ஊடகத் துறைகளும் ஆசிரியர்களும் மலையின் படித்த இளைஞர்களும் சேர்ந்தால் இதைத் தொடங்க முடியும். தொடங்குவோர், முதல் கைபேசியை வாங்கும் முன், ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து மக்கள் சொல்வதைக் கேட்கட்டும்.